குடைக்காரன் கதவைத் தட்டிய கதை

எங்கள் வீட்டில் கதை சும்மா கிடைக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தங்கையும் நானும் தீப்பெட்டி ஒட்ட உட்கார வேண்டும். மெல்லிய மரத்தகட்டை மடித்து, பசை தடவி, நீலத்தாளைச் சுற்ற வேண்டும். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எதிரே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே கதை சொல்வாள். எங்கள் கை நின்றால் அவள் வாயும் நின்றுவிடும்.

அந்த வருஷம் அத்தை ஒரு புதுக்கதை தொடங்கினாள். ஓர் அரக்கன் மேகங்களையெல்லாம் பிடித்துத் தன் கோட்டைக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கிறது. மேகங்களை மீட்க ராஜா ஆள் தேடுகிறார். இளவரசன் வருவான் என்று நாங்கள் காத்திருந்தால், வந்தது குடையை இடுக்கிக்கொண்ட ஒரு சாதாரண ஆள். ராஜா போகச் சொன்னதும், "எனக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல, வேற ஆளப் பாருங்க" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. குதிரை இல்லை, வாள் இல்லை, இவனெல்லாம் ஒரு வீரனா என்று கேட்டேன்.

"குதிர இருந்தா எவன் வேணும்னாலும் போவாம்லா. பயந்துக்கிட்டே போறவன் கதையத்தான் நான் சொல்லுதேன். ஏட்டி, கை ஓடட்டும்" என்றாள்.

அம்மாவின் தம்பியான மாமாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாதவர். பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் எடை போடும் வேலை. மழை எட்டிப் பார்க்காத எங்கள் ஊரில் தினமும் குடையோடு போய்வருகிற ஒரே ஆள் அவர்தான். தெருநாய்க்குப் பயந்து சுற்றிப் போவார். அப்பாவுக்குப் பயந்தால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். அத்தை கதை சொல்லும் நேரமாகப் பார்த்து அவருக்குக் குடைக்கம்பியைச் சரிசெய்யும் வேலை வந்துவிடும். அந்தக் கம்பி ஒருநாளும் சரியானதில்லை.

அப்போது கழுகுமலையிலிருந்து அத்தையைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். திங்கட்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு. மாமாவும் முறையுள்ளவர்தான். ஆனால் பெண் வீட்டார் வலியப் போய்ப் பெண் கொடுப்பது எங்கள் பக்கத்தில் கௌரவக் குறைச்சல். மாப்பிள்ளைதான் கேட்க வேண்டும்.

"அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னாத்தான நான் அவியகிட்டப் பேச முடியும்" என்று அம்மா அடுப்படியில் புலம்பியது எனக்கும் கேட்டது. 'அவிய' என்றால் அப்பா. ஆனால் என் கவலையெல்லாம் குடைக்காரனைப் பற்றியதாக இருந்தது.

அவன் ஒருவழியாகப் புறப்பட்டுப் பாம்புக்காடு தாண்டிக் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான். உள்ளே அரக்கன் வெற்றிலை மென்று முடித்து, மீசை ஏறி இறங்கக் குறட்டை விடுகிறான். குடைக்காரன் கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். அங்கே அத்தை நிறுத்திவிட்டாள். மறுநாளும் அவன் தூக்கிய கையோடு அங்கேயே நின்றான்.

"பொறவு?" என்றேன்.

"அவன் தட்டுனாத்தான பொறவு. ஞாயித்துக்கெழமைக்குள்ள தட்டலன்னா மேகமெல்லாம் கழுகுமலப் பக்கம் போயிரும்."

தங்கை அழுதேவிட்டாள். நான் மாமாவிடம் போனேன். "மாமா, அந்தக் குடைக்காரன் கதவத் தட்ட மாட்டேங்கான்."

மாமா குடையை மடக்கினார், விரித்தார், மறுபடியும் மடக்கினார். "அரக்கன் முழிச்சிக்கிட்டா?" என்று கேட்டார்.

"முழிச்சாத்தான மாமா பேச முடியும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார். மாமா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, குடையையும் இடுக்கியபடி அந்தக் கதவின் முன்னால் வந்து நின்றார். அத்தையின் கை பசையிலேயே நின்றுவிட்டது. அவள் கை நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமா தட்டினார்.

"யாரு?"

"நாந்தான் அத்தான். ஒரு விஷயம் பேசணும்."

உள்ளே போனார். பிறகு அப்பா சிரிப்பது கேட்டது. "இதக் கேக்கதுக்குக் குட என்னத்துக்கு மாப்ள?"

கழுகுமலைக்கு ஆள் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தது. ஆவணியில் கல்யாணம். வயிறு முட்டச் சாப்பிட்டோம். நாலு தூறல்கூட விழுந்தது. மாமா அன்றைக்கென்று பார்த்துக் குடையை வீட்டில் வைத்துவிட்டார். அவர் நனைந்துகொண்டே சிரித்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரே ஒரு குறைதான். கதையை முடிக்கச் சொல்லி அத்தையை நச்சரித்தால், "அதான் முடிஞ்சிட்டுல்லா" என்பாள். பொறுக்க முடியாமல் அப்பாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அரக்கன் கதவைத் திறந்தானா இல்லையா என்றே சொல்லாமல் அத்தை ஏமாற்றுகிறாள் என்றேன்.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "தெறந்துட்டாம்ட்டி" என்றார்.

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.