ஜெபசீலியின் பொருத்தனைக் கிடா

ஓசூர் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஜெபசீலி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ஆட்டுக்கார ஜெபசீலி என்று கேட்டுப் பாருங்கள், ஷேர் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். இத்தனைக்கும் அவள் ஆடு மேய்க்கிறவள் இல்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிறவள். அந்தப் பேர் எப்படி வந்தது என்பதுதான் கதை.

பிறந்தது கல்லாவிப் பக்கம். அவள் அப்பா செல்லப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்மாவின் பெரியப்பா மகள் ஜோதியம்மாள், ஓசூரில் வாழ்க்கைப்பட்டவர், இவளுக்குச் சின்னம்மா முறை. அவர்தான் தங்கள் சபையிலேயே ஒரு பையன் இருக்கிறான், பவுண்டரியில் நிரந்தர வேலை, பீடி சிகரெட் கிடையாது என்று சொல்லி இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தார். முடித்து வைத்தவர் என்பதால் எந்த நேரமும் வீட்டுக்குள் வந்து எதையும் சொல்லிவிட்டுப் போகும் உரிமை தனக்கு உண்டு என்பது சின்னம்மாவின் எண்ணம்.

மாப்பிள்ளை யேசுராஜ் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். வேலை தேடி வந்து இங்கேயே வேர்விட்டவர். அவரிடம் சொத்து என்று ஒன்று இருந்தது, குரல். ஞாயிற்றுக்கிழமை அவர் கீர்த்தனை எடுத்தால் தெருக்கோடி டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் நின்று கேட்பான். அதைவிடப் பேர் போனது அறுப்பின் பண்டிகை ஏலம். வருசம் ஒரு தரம் சபைக்காரர்கள் காய், கேழ்வரகு, கோழி, ஆடு என்று விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் மைதானத்தில் ஏலம். சுத்துப்பட்டு ஜனமெல்லாம் சாதி மதம் பார்க்காமல் வந்து நிற்கும், பாதிப் பேர் யேசுராஜின் கிண்டலைக் கேட்கவே. ஒரு பூசணிக்காயைக் கையில் தூக்கி அதற்கு ஒரு மாமியாரைக் கற்பித்து, மாமியார் சண்டையை நடித்துக் காட்டி, "ரெண்டாந்தரம்" என்று இழுத்து நிறுத்துவார் பாருங்கள், வேண்டாதவனும் கையைத் தூக்கிவிடுவான்.

அந்தக் குரல்தான் போனது. கழுத்தில் ஒரு கழலை வந்து, அது கெட்ட கட்டி என்று தெரிந்து, ஆபரேசன் செய்து எடுத்தார்கள். குரல் நரம்பை ஒட்டியே இருக்கிறது, எதற்கும் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். கட்டி போனது, உயிர் தங்கியது, குரல் மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான். காதை உதட்டருகே கொண்டுபோனால் என்ன சொல்கிறார் என்று புரியும். பவுண்டரி சத்தத்தில் அதுவும் புரியாது என்று கம்பெனியில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

ஜெபசீலி முழங்காலில் நின்றாள். உபவாசம் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில், மற்றவர்கள் கிடைத்ததைச் சொல்லி நன்றி செலுத்திக்கொண்டிருந்தபோது, இவள் எழுந்து கிடைக்காததற்கு நன்றி சொன்னாள். வருகிற அறுப்பின் பண்டிகைக்குள் என் வீட்டுக்காரருக்குக் குரல் வரும், வந்தால் ஒரு கிடா படைப்பேன், அந்தக் கிடாயை அவரே ஏலம் கூறுவார் என்றாள். சபை முழுக்க ஆமென் என்றது.

இப்படிப் பொருத்தனை பண்ணி நேர்ந்துகொள்கிறவர்கள் காரியம் நடந்த பிறகுதான் ஆடு வாங்குவார்கள். எங்கேயும் அதுதான் வழக்கம். ஜெபசீலிக்கு அது நம்பிக்கைக் குறைச்சலாகப் பட்டது. அடுத்த வாரமே பக்கத்து வீட்டு மாரம்மாவைக் கூட்டிக்கொண்டு குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய்விட்டாள். மாரம்மா வீட்டில் பேச்சு தெலுங்கு, கும்பிடுவது மாரியம்மனை, ஆட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கிடையாது. வாயைப் பிளந்து பல் பார்த்து, காலைத் தூக்கிக் குளம்பு பார்த்து, கறுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை போட்ட கிடாக்குட்டியைத் தேர்ந்தெடுத்தாள்.

பண்டிகை வந்தது. குரல் வரவில்லை. ஆடு வீட்டிலேயே நின்றது. அடுத்த வருசப் பண்டிகையும் வந்து போனது. ஆடு இன்னும் நின்றது.

நின்றது என்று சும்மா சொல்லிவிட முடியாது. கேண்டீனில் கழித்துப் போடும் முட்டைகோஸ் இலையும் கேரட் தழையும் தின்று அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது. கொம்பு பின்னால் வளைந்தது. தாடி வைத்தது. பருவம் வந்த கிடா எப்படி நாறும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். காற்று அடிக்கிற திசையைப் பார்த்துத்தான் அந்தச் சந்தில் துணி காயப்போட்டார்கள். மாரம்மாவின் காலண்டரில் ஆடி மாதம் முழுவதையும் தின்றது. பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையையும் விடவில்லை.

அந்த மாரம்மாதான் ஒருநாள் காலை சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சீலிக்கா, ஒண்ணு கவனிச்சியா?" என்றாள். "நீ முட்டி போடுற நேரத்துக்கு இதுவும் முன்னங்காலை மடிச்சு முட்டி போடுது. நீ குரல் வரணும்னு கேக்குற. குரல் வந்தா இது பிரியாணி. அப்போ இது என்ன கேக்கும்னு நெனைக்கிற?"

ஜெபசீலிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிடா முன்னங்காலை மடித்து, கண்ணை மூடி, தாடியை அசைத்துக்கொண்டிருந்தது. ஆமென் சொல்ல முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அடுத்த அறையில் போய் ஜெபம் பண்ணினாள்.

சந்தில் சிரித்தார்கள், அது பரவாயில்லை. கோயிலில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சாட்சி நேரம் வந்தால் முன்பெஞ்சு ஆட்கள் மெதுவாகத் திரும்பி இவளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். இவள் பின்பெஞ்சுக்குப் போனாள். அப்புறம் சாட்சி நேரத்தில் ஆட்டுக்குத் தண்ணி வைக்கணும் என்று எழுந்து வெளியே போகப் பழகினாள். ஜோதியம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கேயோ விசுவாசக் குறைச்சல் இருக்கிறது, உன்னிடமா அவனிடமா என்று ஆராய்ந்து பார் என்றார். அது தெரிகிறவரைக்கும் இந்த ஆட்டை விற்றுத் தொலை, எனக்கும் சேர்த்து அவமானமாக இருக்கிறது என்றார். மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னதால் பாதிதான் புரிந்தது.

புரிந்த பாதியே ஜெபசீலியைத் தூங்க விடவில்லை. ஆட்டை விற்றால் நம்பினது பொய் என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். படைத்துவிட்டால், கேட்டது வேண்டாம் போ என்று கைகழுவிய மாதிரி ஆகும். கட்டியே வைத்திருந்தால் ஆண்டவரைத் தினம் வாசலில் நிறுத்தி, தந்தால் தருவேன் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. எதைச் செய்தால் அவரை நம்புவதாக அர்த்தம்?

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது யேசுராஜ் கிடாயின் காதில் வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது காதைக்கூட ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இவளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. ஆட்டிடம் பேசுகிற நேரத்தில் ஆண்டவரிடம் கேட்கக்கூடாதா, குரல் வேண்டும் என்று நீங்கள் கேட்டே நான் பார்க்கவில்லையே என்றாள்.

யேசுராஜ் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். இவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நான் அதைக் கேக்கதை விட்டு ரொம்ப நாளாச்சுட்டி."

"எதை?"

"குரலை. மொதல்ல உசுரைக் கேட்டேன், தந்துட்டாரு. பொறவு குரலைக் கேட்டேன். அவரு ஒண்ணும் பேசாம இருக்காரு. நானும் பேச முடியாமத்தான இருக்கேன். ரெண்டு பேரும் பேசாம ஒக்காந்திருக்கோம், இப்போ நல்லா ஒத்துப்போவுது." மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒன்னைய நிறுத்தச் சொல்லல. நீ கேளு. நீ விடுத ஆளா?" என்றார்.

தான் மட்டும் தனியாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், இந்த மனுசன் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார் என்று ஜெபசீலிக்கு ஒரே கடுப்பு. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் பேச்சு எப்படியும் வெளியே கேட்காது, இவளும் பேசாததால் வீட்டில் சண்டை நடப்பது மாரம்மாவுக்கே தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் கேண்டீனில் முட்டைகோஸை நறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள். சபை முன்னால் தான் சொன்னதை வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தாள். குரல் வந்தால் தருவேன் என்று சொன்னது சரி. வராவிட்டால் தர மாட்டேன் என்று எங்கே சொன்னேன்? கேட்பதை நிறுத்திவிடுவேன் என்றும் சொல்லவில்லையே? தன்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டாள். முட்டைகோஸில் என்ன சிரிப்பு என்று சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். ஆட்டை நினைத்துக்கொண்டேன் சார் என்றாள்.

பண்டிகையன்று கிடாயை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினார்கள். கழுத்தில் சாமந்தி மாலை. கோயில் வாசலில் ஜோதியம்மாள் நின்றிருந்தார். ஆட்டைப் பார்த்தவுடன் அவர் முகம் மலர்ந்தது.

"குரல் வந்துடுச்சாடி?"

"இல்ல சின்னம்மா. ஆடு வந்துடுச்சு."

சாட்சி நேரத்தில் ஜெபசீலி எழுந்தபோது ஆயர் மேக்ஸ்வெல்லுக்கே என்ன சொல்லப்போகிறாளோ என்று இருந்தது. அவள் நீட்டவில்லை. நான் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை, இன்றைக்குக் காலையிலும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன், நாளைக்கும் கேட்பேன் என்றாள். "ஆட்டைக் கட்டிவெச்சு அவரை மடக்கப் பாத்தேன். அது தப்பு. ஆடு அவரோடது, கொண்டாந்துட்டேன். ஆனா ஒண்ணு, நான் சொன்னபடி இதை என் வீட்டுக்காரர்தான் ஏலம் கூறணும்." இந்தத் தடவை ஆமென் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. பின்பெஞ்சிலிருந்து ஆரம்பித்து முன்னால் போனது.

மைதானத்தில் மைக் பிடித்திருந்த வாலிபன் சுரேந்தர் மைக்கை யேசுராஜிடம் நீட்டினான். அவர் வெட்கத்தில் சிவந்து போனார். மைக்கில் பேசிப் பார்த்தார், காற்றுதான் வந்தது. உடனே ஜெபசீலி காதை அவர் வாயருகே கொடுத்து, மைக்கைத் தன் வாயருகே வைத்துக்கொண்டாள்.

"இந்த ஆடு... கேண்டீன் சாப்பாட்டுல வளந்ததாம். வெட்டினா கறிக்குப் பதிலா கோஸ் பொரியல்தான் கிடைக்குமாம்."

கூட்டம் சிரித்தது. அவர் அடுத்ததைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதை நான் சொல்ல மாட்டேன், சின்னம்மா நிக்கிறாங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள். சொல்லு சொல்லு என்று ஜனம் விடவில்லை. "சின்னம்மாவும் ஏலம் கேக்கலாமாம். ஆடுதான் பயப்படுமாம்." முதலில் சிரித்தது ஜோதியம்மாள்தான். சிரித்த கையோடு ஏலமும் கேட்டுத் தொலைத்தார்.

அவரைத் தாண்டிப் பிரியாணிக்குக் கண் வைத்து, ஒரே ரூமில் தங்கியிருந்த தெற்கத்திக் கம்பெனிப் பையன்கள் கேட்டார்கள். அவர்களை விடாமல் துரத்தினார் நாராயணப்பன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் மந்தை வைத்திருப்பவர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற பெரியவர். ஏலத்துக்கு முன்பே கிடாயைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து நின்றிருந்தார். "மூணாந்தரம்" என்று ஜெபசீலி சொன்னபோது அவர் கைதான் மேலே இருந்தது.

எந்த விசேசத்துக்கு வெட்டப்போகிறீர்கள் என்று சுரேந்தர் கேட்டான்.

"வெட்டுறதா?" நாராயணப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. "இந்த மாதிரிக் கிடாயை யாராவது வெட்டுவானா? என் மந்தைக்கு இதுதான் இனி ராஜா. சாகுற வரைக்கும் என்கிட்டத்தான் இருக்கும்."

மாரம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஜெபசீலியின் தோளைப் பிடித்தாள். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? ரெண்டு பேரும் முட்டி போட்டீங்க. சாமி ஆடு கேட்டதைக் குடுத்துருச்சு."

ஜெபசீலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தாள். யேசுராஜ் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். குலுங்கிக்கொண்டே இருந்தது. தேன்கனிக்கோட்டை யானைக் காட்டுப் பக்கம் போகிறதே, யானை வந்தால் என்ன ஆகும் என்று அவள் கவலைப்பட, இதன் நாற்றத்துக்கு யானைதான் ஊர் மாறிப் போகணும் என்று அவர் காதில் சொன்னார்.

சாப்பாட்டுப் பந்தியில் ஆயர் மேக்ஸ்வெல் வந்து நெகிழ்ந்து போய், பார்த்தீர்களா அம்மா, கர்த்தர் உங்கள் வாய் மூலமாகவே அவருக்குக் குரல் கொடுத்துவிட்டார், இதுதான் பதில் என்றார்.

"இல்லீங்க ஐயா" என்றாள் ஜெபசீலி மரியாதையாக. "நான் கேட்டது அவரோட குரல். என் குரல் முன்னாடியே எங்கிட்ட இருந்துச்சு. பதில் இன்னும் வரல. வர்றப்ப வரட்டும், நான் இங்கதான இருக்கேன்." ஆயர் சரிதான் என்று தலையாட்டி, ரசம் ஊற்றச் சொன்னார்.

இன்றைக்கும் காலையில் அவள் முட்டி போடுகிறாள், பழைய அறையில், ஜன்னல் பக்கமாகவே. குரலைக் கேட்கிறாள். யேசுராஜ் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கோயிலில் முன்பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

பண்டிகை முடிந்த கையோடு மாரம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி குந்தாரப்பள்ளிக்குப் போனாள். இந்தத் தடவை பொட்டைக்குட்டியாக எடு, சந்து தாங்காது என்று மாரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு செவலைக் குட்டி அமைந்தது. சரக்கு ஆட்டோவில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது மாரம்மா கேட்டாள், "இது எதுக்கு வேண்டிக்கிட்டது?"

"எதுக்கும் இல்ல. அடுத்த பண்டிகைக்கு. வேண்டுதல் தனி, ஆடு தனி."

குட்டி ஓசூர் வரும்வரைக்கும் வாய் ஓயாமல் கத்திக்கொண்டே வந்தது. இதற்கு நல்ல குரல் என்றாள் மாரம்மா. இதையும் ஏலம் கூற வீட்டுக்காரரிடமே விட வேண்டியதுதான் என்று சிரித்தாள் ஜெபசீலி.