பூங்கொடி அக்காவின் போனை நான்தான் எடுத்தேன்

பூங்கொடி அக்கா போய்விட்டார்.

நேற்று சாயங்காலம் லகாட் ஊரில் இருக்கும் தன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள்... நாற்பத்து மூன்று வயது.

கையுறை ஃபேக்டரியில் ஒன்பது வருடம் என் பக்கத்தில் நின்று பேக்கிங் செய்தவர்.

அக்காவுக்கு ஒருவர் இருந்தார். செல்வம் அண்ணே. முன்பு எங்கள் ஃபேக்டரி பஸ் ஓட்டியவர், இப்போது ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்ட வேலை. ஏற்கெனவே கல்யாணமாகிப் பிரிந்தவர் என்பதால் வீட்டில் சொல்ல அக்காவுக்குப் பயம்.

"தீபாவளிக்கு வாராரு. எங்க அண்ணன்கிட்ட அவரே நேர்ல கேக்கட்டும்லா," என்பார்.

நான்கு வருடம் எல்லாமே போனில்தான். மூன்று மணி டீ பிரேக், மோட்டார்சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால், தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்த போன். பாதி நாள் பேச்சே இருக்காது. இவர் பிஸ்கட் தின்பார், அங்கே அவர் பூட்ஸ் கழற்றுவார்...

ஒருமுறை சண்டை. அக்கா மூன்று நிமிடம் வாய்ஸ் மெசேஜ் பேசினார், அழித்தார். திரும்பப் பேசினார், அதையும் அழித்தார். கடைசியில் அனுப்பியது "சாப்டீங்களா?" மட்டும். ப்ளூ டிக் விழுந்த பிறகுதான் வேலைக்கு உள்ளே வந்தார்.

இன்று காலை அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அலமாரி மேல் அவர் போன் வெளிச்சம் போட்டது.

"எந்திரிச்சிட்டியா பூவு?"

அனுப்பியது செல்வம் அண்ணே. அவருக்கு இன்னும் தெரியாது. சொல்ல என்னிடம் நம்பர் இல்லை. போன மாதம் அவர் போன் தொலைந்து நம்பர் மாறிவிட்டது. புது நம்பர் அக்கா போனுக்குள். அது பூட்டியிருந்தது.

யாரும் பார்க்காத நேரம் அக்காவின் விரலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. திறக்கவில்லை. துடைத்துவிட்டு இன்னொரு விரல்... திறக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் அக்கா.

இரண்டு மணிக்கு எடுப்பதாக இருந்தது. அக்காவின் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, மூணு மணி வரைக்கும் பொறுங்கண்ணே."

"யாருக்காக?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன வருசமா?"

"நாலு."

"என்கிட்ட சொல்லிருக்கலாம்," என்றார். பிறகு காத்திருக்கச் சொல்லிவிட்டார்.

மூன்று மணி. கால் வரவில்லை. மூன்றே கால். ராகு காலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று பெட்டியை மூடினார்கள்.

வேன் பாதி வழி போனபோது, என் கையில் இருந்த அக்காவின் போனில் வாட்ஸப் கால் வந்தது.

"பூவு, சாரிலா, இன்னிக்கி லோரி லேட்டு..."

"அண்ணே, நான் கஸ்தூரி."

"அவ எங்க?"

சொன்னேன். "நேத்து நல்லாத்தானே பேசினா... நல்லாத்தானே பேசினா," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "மூடிட்டாங்களா?"

கட் பண்ணாமல் வீடியோவுக்கு மாற்றச் சொன்னேன். சுடுகாட்டில் கடைசியாக முகம் பார்க்கப் பெட்டியைத் திறந்தபோது, அக்காவின் அண்ணன் என்னிடம் கை நீட்டினார்.

"குடு. நான் புடிக்கிறேன்."

அக்காவின் முகத்துக்கு நேராக அவரே போனைப் பிடித்தார். அந்தப் பக்கம் செல்வம் அண்ணே தொப்பியைக் கழற்றினார். "பூவு, இங்க பாரு... பூவு..." லைன் விட்டு விட்டு வந்தது.

எல்லாம் முடிந்த பிறகும் கட் பண்ண யாருக்கும் மனசு வரவில்லை. சார்ஜ் தீர்ந்துதான் நின்றது.

அவர் புது நம்பரை வாங்க மறந்துவிட்டேன். சார்ஜ் போட்டுப் பார்த்தோம், பூட்டைத் திறக்கும் பின் நம்பர் கேட்கிறது. அணைந்து எழுந்த போனில் அதைப் போடும்வரை வாட்ஸப் காலும் வராதாம்.

அக்காவின் அண்ணன் சொல்லித்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். செல்வம் அண்ணே, யாராவது இதை உங்களிடம் காட்டினால் என் நம்பருக்குக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும். அங்கே தனியாக இருக்காதீர்கள்.

அக்கா... போய் வாருங்கள்.