பூஜ்யம் போட்ட வரி

அந்த மருத்துவமனையின் கணினி அறையில் அவளை ‘நிப்பாட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எழுதும் புரோகிராம்கள் சும்மா சும்மா நின்றுபோவதால் வந்த பெயர். முன்பெல்லாம் அவை நின்றதே இல்லை.

சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலை உருவாக்கியவள் அவள்தான். வேறு மருத்துவமனையிலிருந்து வருகிறவர் அங்கே எத்தனை நாள் காத்திருந்தார் என்பதைப் பதிவு மேசைக்காரர் தட்டுவார். கணினிக்கு அது வெறும் எழுத்து. எண்ணாக மாற்றினால்தான் இங்கே காத்திருந்த நாட்களோடு கூட்டி வரிசைப்படுத்த முடியும். மாற்ற முடியாத ஏதாவது வந்தால்? பட்டியல் பாதியில் நிற்கக் கூடாதே என்று, பூஜ்யம் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். எட்டு வருடம் யாரும் குறை சொல்லவில்லை.

அவளுடைய அக்காவும் வேறு மருத்துவமனையிலிருந்து மாறி வந்து அந்தப் பட்டியலில் சேர்ந்தாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் ஊசியோடு படுத்துக்கொண்டே வம்பளப்பாள்.

“ஏன்டி, லிஸ்டு உன் கையிலதானே இருக்கு? நான் எங்க இருக்கேன்னு பாரேன்.”

“சொந்தக்காரங்க பேரைத் தேடக் கூடாதுக்கா.”

“மேல தள்ளவா சொன்னேன்? பாக்கத்தானே சொன்னேன்! பெரிய நீதிபதி இவ.”

அவள் பார்க்கவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அக்காவுக்குப் பின்னால் வந்தவர்கள் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். அவர்களுக்கு ரத்தம் பொருந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பதினான்காம் மாதம் அக்கா இறந்தாள்.

இறந்தவர்களின் பதிவை மூடுவதும் அவள் வேலைதான். அன்றுதான் அக்காவின் பக்கத்தை முதல்முறை திறந்தாள். மேசைக்காரர் அக்கறையாகத் தட்டியிருந்தார்: ‘1460 நாள்’. கூடவே ஒரு சொல் ஒட்டியிருந்ததால் எண்ணாக மாறவில்லை. அடுத்த கட்டத்தில் பூஜ்யம். அங்கே நான்கு வருடம் காத்திருந்தவள், இங்கே புதிதாக வந்தவளாகக் கடைசியிலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

தேடியபோது இன்னும் ஆறு பேர் அப்படி இருந்தார்கள். திருத்தினாள், நடந்ததைத் தலைமை மருத்துவரிடம் எழுதிக் கொடுத்தாள். “வேணும்னேவா செஞ்சே? விடும்மா,” என்றார் அவர். தெரியாததை ஒன்றுமில்லை என்று எழுதிவைத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்த வரியை எடுத்தாள். இப்போது எண்ணாக மாறாதது எது வந்தாலும் புரோகிராம் நின்றுவிடும்.

“நிப்பாட்டி, மறுபடியும் நின்னுடுச்சு! இங்க கூட்டம் கத்துது,” என்று மேசையிலிருந்து போன் வரும்.

“வரேன், எதையும் தொடாதீங்க.”

போனிலேயே சரிசெய்துவிடலாம். ஆனாலும் இரண்டு மாடி இறங்கிப் போய், வந்தவரின் பழைய மருத்துவமனைத் தாளை வாங்கி, எண்ணைத் தானே தட்டுவாள். வரிசையில் அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பாள். அவர் பெயரையும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் மேலே ஏறுவாள்.