மாதாவுக்கு வைத்த நீலப்பூ

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. எழுதிப் பழகாத கை இது. பிழையிருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது பென்னாகரத்தில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு என்னை வளர்த்தார்கள். பெங்களூரில் வாழ்க்கைப்பட்டு, பெற்ற ஒரே மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்து, பிறகு மச்சானையும் இழந்து, மாரண்டஹள்ளிக்கு என் வீட்டுக்கே வந்தார்கள். தகரப் பெட்டியில் நாலு சேலை, ஒரு செபமாலை, ஒரு பொட்டலம் டெல்பினியம் விதை. பெங்களூரில் மாதா கோயில் தோட்டத்தில் பூத்த நீலப்பூவாம். காற்றுக்கு ஒடியாத குட்டை ரகம். லூர்து மாதாவின் இடைக்கச்சை நிறம் அதுதான் என்பார்கள். பிப்ரவரியில் வரும் அந்த மாதா திருநாளுக்கு அதைப் பீடத்தில் வைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர்கள் ஆசை.

முதல் வருடம் போட்டது முளைக்கவில்லை. விதைக்குக் குளிர் வேண்டுமென்று யாரோ சொல்ல, மறு வருடம் மருந்துக்கடை பாயின் பிரிட்ஜில் மீதி விதையைக் கொடுத்து வைத்தார்கள்.

"ஏனுங்கக்கா, வெதைக்கு ஜொரமா? ஊசி போட்டுடலாமா?" என்றார் பாய்.

"போடுங்க பாய், மொளைச்சாச் சரி."

ஐப்பசியில் எண்ணெய் டின்களில் விதைத்தார்கள். முளைத்தது. ஆனால் அந்த வருடம் மழை ஏமாற்றியது. கிணற்றில் சேறுதான் மிஞ்சியது.

"குடிக்கவே தண்ணியக் காணோம், பூவுக்கு எங்கக்கா போறது?" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து அக்கா, தான் முகம் கழுவும் தண்ணீரைச் சட்டியில் பிடித்து ஊற்றினார்கள். செடிக்கு ஆகாதென்று சோப்புப் போடுவதையே விட்டுவிட்டார்கள்.

திருநாளுக்கு முந்தின வாரம் நீலம் விரிந்தது. அந்த வாரமே பக்கத்து வீட்டு லட்சுமியின் பெண் குழந்தை வாந்திபேதியில் இறந்துபோனது. அந்த வறட்சியில் கடையிலும் பூ இல்லை. அக்கா கத்தரியை எடுத்து, அந்தக் குழந்தையின் மேல் வைக்க எல்லாவற்றையும் அடியோடு வெட்டினார்கள்.

"அக்கா, மாதாவுக்குன்னு வெச்சதாச்சே!"

"மாதாவும் புள்ளயப் பறிகுடுத்தவங்கதான்டா. கோவிச்சுக்க மாட்டாங்க."

விதைக்குக்கூட ஒரு பூ மிஞ்சவில்லை.

பங்குனியில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. தருமபுரி ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். சித்திரையில் போய்விட்டார்கள். சவப்பெட்டியில் வைக்க ஒரு நீலப்பூ இல்லை, தருமபுரியில் வாங்கிவந்த சாமந்திதான் வைத்தோம். குளிப்பாட்டக்கூட எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை. தூரத்துத் தோட்டத்திலிருந்து லட்சுமிதான் குடம் குடமாகச் சுமந்து வந்தார்.

செபித்த பங்குத்தந்தைக்கும், மருந்துக்குக் காசு வாங்க மறுத்த பாய்க்கும், குழி வெட்டிய தம்பிகளுக்கும் எங்கள் நன்றி. லட்சுமிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடிக்கட்டை காய்ந்துபோன அந்த டின்களுக்கு அவர் இன்றும் தண்ணீர் ஊற்றுகிறார்.

"அதுல இனிமே ஒண்ணும் வராதும்மா" என்றேன்.

"தெரியுமுங்கண்ணா" என்றார். ஊற்றுவதை நிறுத்தவில்லை.