மூக்காயி ஊற்றிய மோர்

மூக்காயியின் நாள் கணவனைப் புரட்டிப் போடுவதில் தொடங்கும். முதுகு புண்ணாகாமலிருக்க அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஈரத்துணியை மாற்ற வேண்டும். கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். கடைசியில் முகம் துடைக்கத் துண்டோடு கையைத் தூக்கினால், மலையாண்டி கண்ணை இறுக மூடிக்கொள்வார். அடி விழப்போகிறது என்ற பயம். மற்ற வேலைகளெல்லாம் அவள் உடம்பைத்தான் களைக்க வைத்தன. அந்த ஒரு கணம் அவள் உயிரையே களைக்க வைத்தது.

அறந்தாங்கிச் சந்தையில் கருவாட்டு ஏலம் கூறியவர் மலையாண்டி. அவர் குரல் எழும்பினால் கட்டுமாவடியிலிருந்து வந்த வண்டிமாடுகள்கூடக் காதை நிமிர்த்தும். குடியும் இருந்தது. மதுவிலக்கு வந்த வருஷம், கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு அதை விட்டார். மூக்காயி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். அதன் பிறகு அடிக்கடி தலை வலிக்கிறது என்பார். அவள் சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவாள்.

ஒரு சந்தை நாள், ஏலத்துக்கு நடுவே அவர் நாக்குக் குழறியது. கால் பின்னியது. கூட்டம் சிரித்தது.

"மலையாண்டிக்குப் பழைய சிநேகம் திரும்பிருச்சுடோய்! வீட்டுல கொண்டுபோயி விடுங்கப்பா, போலீசு பாத்தா உள்ள தள்ளிருவான்!"

இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். மூக்காயிக்கு அவமானத்தில் உடம்பு பற்றி எரிந்தது.

"சூடம் அணைச்ச கையா இது? சொல்லுங்க!"

கோணிய வாயால் அவர் என்னவோ சொல்ல முயன்றார். வலது கை எழவில்லை. அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். ஊருக்குத் தெரியக் கூடாதென்று கதவைச் சாத்தினாள். போதை தெளியட்டும் என்று வாயைத் திறந்து மோரை ஊற்றினாள். புரையேறியது. மறுபடியும் ஊற்றினாள். பொழுது சாய்ந்து, அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் கதவைத் திறந்து அலறினாள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "இவர் குடிக்கலம்மா. ரத்தக் கொதிப்பு முத்தி மூளையைத் தாக்கியிருக்கு. நீ ஊத்துனது நெஞ்சுக்குள்ள போயிருச்சு. திடீர்னு வாய் கோணினா, ஒரு பக்கத்துக் கை விழுந்தா, பேச்சுக் குழறினா, ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு ஒடனே கொண்டாரணும்."

உயிர் மிஞ்சியது. குரல் போய்விட்டது. குடிக்காதவரை அடித்தோமே என்ற நினைப்போடு வருஷங்கள் ஓடின. என்னை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியாது.

ஒரு நாள் காலை பக்கத்து வீட்டில் சிரிப்பும் கூச்சலும் கேட்டன. துணி வியாபாரி ஹனீபா ராவுத்தர், அஞ்சு வேளைத் தொழுகை தவறாதவர், சுவரில் சாய்ந்து குழறிக்கொண்டிருந்தார்.

"ராவுத்தரே, நீங்களுமா?" என்று ஒருவன் கேலி பேசினான்.

"பித்தமாத்தான் இருக்கும்" என்று அவர் மனைவி பரக்கத் நிஷா செம்பு நிறைய மோரோடு வந்தாள். மூக்காயி பாய்ந்து போய்ச் செம்பைத் தட்டிவிட்டாள்.

"என்னக்கா பண்றீங்க!"

"ஊத்தாத தாயி! எங்க வீட்டுல ஊத்துனது போதும். ராவுத்தரே, ரெண்டு கையையும் தூக்குங்க."

வலது கை எழுந்தது. இடது கை தொய்ந்து விழுந்தது.

மூக்காயி தலைவிரி கோலமாக ரோட்டின் நடுவே போய் நின்றாள். கருவாட்டு லாரி கிறீச்சிட்டு நின்றது.

"ஏ ஆத்தா, சாகுறதுக்கு என் வண்டிதானா கெடச்சுச்சு?"

"சாகாம இருக்கத்தான்யா மறிக்கிறேன். புதுக்கோட்டைக்கு விடு!"

"கருவாட்டு லோடு ஆத்தா, நாறும்."

"நாறட்டும்யா!"

மறுநாள் மதியம் வீடு திரும்பினாள். அதுவரை மலையாண்டியை அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ராவுத்தரு பொழச்சுக்கிட்டாருங்க. இடது கைதான் இன்னும் எழல. ஆனா பேசுறாரு. பொண்டாட்டியப் பேர் சொல்லிக் கூப்புட்டாரு... ஒங்களயும் நான் அன்னிக்கே..."

துண்டை எடுத்துக் கையைத் தூக்கினாள். அவர் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கை சோர்ந்து கீழே இறங்கியது. அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை.

மூடிய கண்ணோடே அவர் இடது கை தடவித் தடவி வந்தது. அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்து, அன்று அறை விழுந்த கன்னத்தில் வைத்துக்கொண்டது. அப்புறம் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார்.

புரட்டிப் போடும் நேரம் வந்த பிறகுதான் மூக்காயி எழுந்தாள்.