கேரட்டில் வெட்டிய இலைகள்

பச்சையாக வெட்டிய மஞ்சள் பூசணிக்கு ஒரு வாசனை உண்டு. வெள்ளரிக்காயின் வாசனையில் கொஞ்சம் ஈரமண் கலந்தாற்போல இருக்கும். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் அதோடு மண்ணெண்ணெய் வாசனையும் சேர்ந்திருந்தது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்த கையோடு அம்மாவும் ராமலட்சுமி அத்தையும் வாசலில் உட்கார்ந்து, விரல்களில் அப்பியிருந்த அலுமினியப் பவுடர் போக மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, பிறகு சோப்பு, பிறகு புளி என்று கழுவிக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் நகக்கண்ணில் வெள்ளி நிறம் மிச்சமிருந்தது. "பிள்ளைக திங்கிற காயி, நம்ம கைய நம்பக்கூடாது" என்று சொல்லி, அத்தை இரண்டு பால் கவர்களைக் கழுவிக் கைகளில் மாட்டிக்கொண்டு காய் வெட்ட உட்கார்ந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் ஒன்று அது. எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். அப்பா கோயம்புத்தூரில் கட்டட வேலையில் இருந்தார். ராமலட்சுமி அத்தை பக்கத்து வீடு, தூரத்துச் சொந்தம், அம்மாவோடு ஒரே கம்பெனியில் ஒரே அறையில் வேலை. அவள் மகள் பேச்சியும் நானும் ஒரே வகுப்பு. நாங்களும் ஒருநாள் அந்தக் கம்பெனி வேனில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே, மெயின் ரோட்டில் தகரக் கூரைக்குக் கீழே நடந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் எங்களைச் சேர்த்திருந்தார்கள்.

விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வரும் ஸ்டெல்லா மிஸ் எங்களுக்கு 'ஆட்டம்' என்ற பாடத்தை நடத்தினார். இலையுதிர் காலம் என்று பொருள் சொன்னார். சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள் நிற்கும் படத்தைக் காட்டி, அதே நிறங்களில் காய்கறிகளைத் தட்டில் அடுக்கி ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும், சனிக்கிழமை காலையில் பார்ட்டி, அம்மாக்களும் வரவேண்டும் என்றார். 'ஆட்டம் பார்ட்டி' என்று நான் வீட்டில் போய்ச் சொன்னதும், டான்ஸ் என்று நினைத்துக்கொண்டு அம்மா பாவாடைக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டாள். விஷயம் புரிந்ததும், "ஐப்பசில எந்த மரத்துல இலை உதிருது? இங்கன மழையில்ல பெய்யும்" என்றாள். வேம்பு பங்குனியில் உதிர்க்கும், மற்றபடி சீமைக்கருவேலம் என்றைக்கும் ஒரே நிறத்தில் நிற்கும். சிவந்த இலையை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் அத்தைக்கு அந்தப் படம் பிடித்துப்போயிற்று. பாடப்புத்தகத்தை ஆட்டுக்கல்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, பாதி பிளேடால் கேரட்டை மெல்லிசாகச் சீவி, ஓரத்தில் பல் பல்லாக நறுக்கி, நடுவே ஊக்கால் நரம்பு கீறி, ஒவ்வொரு இலையாகத் தண்ணீரில் போட்டாள். பூசணியில் மஞ்சள் இலை, பீட்ரூட்டில் கருஞ்சிவப்பு இலை, முருங்கைக்காயை நறுக்கி மரத்தண்டு. அடியில் ஒரு கத்தரிக்காயில் அணில் செய்தாள்.

"அணில் மாதிரியா இருக்கு? எலி மாதிரியில்ல இருக்கு மதினி" என்றாள் அம்மா.

"இருக்கட்டும். எலியும் மரத்தடிக்கு வரத்தான செய்யும்."

அம்மா என் தட்டைச் சுமாராக அடுக்கி முடித்தாள். பேச்சியின் தட்டை அத்தை கலைத்துக் கலைத்து அடுக்கினாள். பார்ட்டிக்குப் போக இருவருக்கும் ஆசைதான். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது, ஆர்டர் முடிந்து லோடு ஏற்றும் நேரம். இரண்டு பேரும் ஒன்றாக லீவு கேட்டால் போர்மேன் விடமாட்டார், ஒருவரைத்தான் விடுவார். அத்தையே அதை முடித்துவைத்தாள்.

"நீ போ. எனக்கு அந்த மிஸ்ஸுகிட்ட நின்னு பேச வராது. பேச்சி தட்டையும் சேத்துப் பாத்துக்க. தண்ணி தெளிச்சுக்கிட்டே இரு, வாடிறப்போகுது."

மறுநாள் காலை வேன் வந்தபோது அவள் ஏறினாள்; அம்மா ஏறவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பள்ளியில் பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்து, மேலே வேட்டி விரித்து, தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மிஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்து, பேச்சியின் தட்டருகே நின்று, "இதை யார் செஞ்சது?" என்று கேட்டார். "எங்கம்மா" என்று பேச்சி சொன்னது வகுப்புக்கே கேட்டது. தட்டின் ஓரத்தில் மிஸ் ஒரு பொன்னிற நட்சத்திரத்தை ஒட்டினார்.

வெடிச்சத்தம் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. சரக்கைச் சோதித்துப் பார்க்க அடிக்கடி வெடிப்பார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அன்று வந்த சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்தது. தரை உதறி, தகரக் கூரை நடுங்கி, அதிலிருந்த துரு தட்டுகள்மேல் உதிர்ந்தது. யாரும் அலறவில்லை. வந்திருந்த பெண்கள் எல்லோரும் வெளியே போய், புகை எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்தார்கள். எங்கள் ஊரில் முதலில் பார்ப்பது அதைத்தான். "நம்ம கம்பெனிப் பக்கமில்ல இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள், மற்றவர்களும் ஓடினார்கள்.

மிஸ் எங்களை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். அரை நாள் பள்ளி என்பதால் யாரும் சாப்பாடு கொண்டுவரவில்லை. மத்தியானம் ஆயிற்று, எங்களைக் கூப்பிட யாரும் வரவில்லை. சிறு பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்ததும், மிஸ் தட்டுகளிலிருந்த துருவைக் கழுவி, காய்களைப் பங்கு வைத்தார். கேரட்டையும் வெள்ளரியையும் தின்று, பீட்ரூட்டால் சிவந்த நாக்கை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டிச் சிரித்தோம். ஆம்புலன்ஸ்கள் ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் மிஸ் சத்தமாகப் பாட்டுப் பாடச் சொன்னார், நாங்களும் பாடினோம். பேச்சி மட்டும் தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்கவில்லை. "எங்கம்மா ஸ்டாரைப் பாக்கல" என்றாள். மிஸ் வற்புறுத்தவில்லை.

பொழுது சாய அம்மா வந்தாள். சேலை முழுவதும் கரி.

"எங்கம்மா எங்க, அத்தே?" என்று பேச்சி கேட்டாள்.

"சிவகாசி ஆஸ்பத்திரிக்கு எல்லாரையும் கொண்டுபோயிருக்காக. உங்கப்பா போயிருக்காரு. வா, வீட்டுக்குப் போவோம்."

அத்தை ஆஸ்பத்திரிக்கே போகவில்லை என்பது அம்மாவுக்கு அப்போதே தெரியும். துணியில் சுற்றி வந்ததை எங்களுக்குக் காட்டவில்லை. பேச்சி வீட்டில் துக்கம் கேட்க ஆட்கள் வந்துபோன நாட்களில் தட்டு அரிசி டிரம்மின்மேல் இருந்தது. கேரட் இலைகள் சுருண்டு, விளிம்பு கறுத்து, படத்தில் பார்த்த இலைகளைப் போலவே ஆகிவிட்டன. காரியம் முடிந்த மறுநாள் பேச்சியே அதை எடுத்துக்கொண்டுபோய் ஆட்டுக்கு வைத்தாள். ஆடு தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். நானும் கூட நின்றேன்.

பேச்சியை அவள் அப்பா திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டார். பொங்கல் கழிந்ததும் அம்மா வேறொரு கம்பெனி வேனில் ஏறினாள்; எங்கள் ஊரில் வேறு வேலை கிடையாது. "நீ தப்பிச்சே தாயி" என்று யாராவது சொன்னால் எழுந்துபோய்விடுவாள். அத்தையைப் பற்றி வீட்டில் பேச்செடுத்ததே இல்லை.

இப்போது அம்மா என்னோடு விருதுநகரில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிக் குடோன் நிற்கிறது. கம்பெனி வேறு பெயரில் நடக்கிறது. போன மாதம் பேச்சி போன் செய்தாள். வீட்டிலிருந்த அத்தையின் ஒரே போட்டோவை அன்று நிவாரண மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்களாம், திரும்பி வரவில்லையாம். மகளுக்குப் பாட்டியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தபோது முகம் வரவில்லை என்றாள். "எங்கம்மா எப்படி இருப்பா, உனக்கு ஞாபகம் இருக்கா?" நான் யோசித்தேன். பால் கவர் மாட்டிய கைகள் வந்தன, குரல் வந்தது, முகம் வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

பேச்சி மறுபடி கேட்டதும் அம்மா மெதுவாகச் சொன்னாள். "மாநிறந்தான். நெத்தி கொஞ்சம் சின்னது. முன்பல்லு எடுப்பா இருக்கும், அதனால சிரிக்கையில கையால மூடிக்கிருவா." மறுமுனையில் பேச்சி ஒவ்வொன்றுக்கும் 'ம்' போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா நிறுத்திய பிறகும் அந்த 'ம்' கேட்டது.

"அம்புட்டுத்தான் தாயி" என்றாள் அம்மா. "அதுக்கு மேல எனக்கும் மறந்துபோச்சு."