வராத துணிப்பை

சட்டைக் கையின் ஓரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள் நுரையக்கா. "பல்லு பட்டிருக்கு பாரு. கணக்குப் பரீட்சை இந்தப் பாடு படுத்துது," என்று சொல்லிவிட்டு, சட்டையை இயந்திரத்துக்குள் எறிந்தாள்.

பெண்கள் விடுதியின் கீழ்த்தளத்துச் சலவை அறையில் பதினோரு வருடமாக அவள்தான். எப்போதும் முழங்கைவரை சோப்பு நுரை. அதனால் மாணவிகள் வைத்த பெயர் அது. அறை எண் எழுதிய பைகள் புதன்கிழமை வரும், துவைத்து மடித்து வெள்ளிக்கிழமை போகும். பரீட்சை மாதத்தில் தலையணை உறைகளில் கண்மை கரைந்திருக்கும். "அழட்டும். அழுக்கு வெளிய வந்தாத்தான நமக்கு வேலை," என்பாள். வராத பைதான் அவளைக் கலங்கடிக்கும்.

போன வருடம் ஒரு பை மூன்று புதன் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டாள். நாலாவது வாரம் அந்தப் பெண்ணின் அப்பா வந்து, மகளின் துணி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். மகளைப் பறிகொடுத்துவிட்டு, அறையைக் காலி செய்ய வந்திருந்தார். "ஒரு பை குறைஞ்சுதேன்னு சந்தோஷப்பட்டவ நான்," என்பதை நுரையக்கா யாரிடமும் மறைப்பதில்லை.

அதன்பின் இரண்டு புதன் பை வராவிட்டால் மாடியேறிவிடுகிறாள். சலவைக்காரர்கள் மாடிக்குப் போகக் கூடாது என்பது விதி. வார்டன் இருமுறை கண்டித்தாயிற்று.

"ஏம்மா, உன் வேலை துணி துவைக்கிறது. மனசைப் பாத்துக்கத்தான் காலேஜ்ல டாக்டரம்மா இருக்காங்களே."

"அந்தம்மா அவங்க ரூம்ல உக்காந்திருக்காங்க. இதுங்க இதுங்க ரூம்ல உக்காந்திருக்குதுங்க. நடுவுல நடக்க ஒரு ஆள் வேணாமா மேடம்?"

"இன்னொரு தடவை ஏறினா வேலை போயிடும்."

நுரையக்கா வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். இந்தப் புதனும் நாற்பத்தொன்றாம் அறைப் பை வரவில்லை. சலவைத் தண்ணீரில் நனைந்த புடவையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

"துணி எங்கம்மா?"

"அடுத்த வாரம் தரேங்க்கா. படிச்சிட்டிருக்கேன்," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"படி, படி. நான் இங்கயே உக்காந்துட்டேன். முட்டி வலி, சட்டுனு எழுந்திரிக்க முடியாது."

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தாழ்ப்பாள் விலகியது. அந்தப் பெண்ணின் தலை சிக்குப் பிடித்திருந்தது. மேசையில் புத்தகம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

"எதுக்கு எழுந்திரிக்கணும்னே தெரியலக்கா."

"தெரிய வேணாம். செருப்பைப் போடு. டாக்டரம்மா கிட்ட நானும் வரேன்."

"எல்லாரும் என்னையே பாப்பாங்க."

"தொப்பலா நனைஞ்ச புடவையோட நான் வர்றப்ப உன்னை எவ பாப்பா?"

படிக்கட்டின் கீழே வார்டன் அட்டையில் வேலைநீக்கத் தாளைச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். "சொன்னேன்ல? நாளைலேருந்து வேலைக்கு வர வேணாம். கையெழுத்துப் போடு."

நுரையக்காவின் வலது கைக்குள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டு இருந்தது. அதை விடாமல், இடது கையால் பேனாவை வாங்கி, கோணல்மாணலாகப் பெயரைக் கிறுக்கிவிட்டு நடந்தாள்.